வேலும் கிட்டாரும்

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்த அதே நாள் இரவு, லண்டனில் மெர்க்குரி இசைப் பரிசை அறிவித்தார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தொகுப்புகளில் பன்னிரண்டைப் பொறுக்கி எடுத்து, அதில் ஒன்றுக்குக் கொடுக்கிற பரிசு அது. பி.ஜே. ஹார்வி வென்றார். அவர் அன்றைக்கு வாஷிங்டனில் மாட்டிக்கொண்டிருந்ததால் தொலைபேசியில்தான் நன்றி சொன்னார். உலகமே தொலைக்காட்சியில் புகையைப் பார்த்துக்கொண்டிருந்த இரவில் யார் தோற்றார், யார் ஜெயித்தார் என்று யாருக்கு அக்கறை?

அந்தப் பன்னிரண்டில் ஒன்றின் பெயர் 'சால்ட் ரெய்ன்'. ரேடியோஹெட் மாதிரியான பெரும்புள்ளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தத் தொகுப்பில் தியாகராஜரின் 'நகுமோமு' இருந்தது. மைசூர் வாசுதேவாச்சாரின் 'மாமவது' இருந்தது. டிம் பக்லி என்ற அமெரிக்க நாட்டார் பாடகரின் பாட்டும், 'ஜங்கிள் புக்' படத்தில் பாம்பு பாடும் பாட்டும் அவற்றோடு இருந்தன. போதாததற்கு, அவரே எழுதிய ஆங்கிலப் பாடல்களும். பாடியவருக்கு அப்போது வயது 28. பெயர் சுசீலா ராமன். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

இரண்டு மொழியில் பாடுகிறவர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, ஒரே மெட்டைத் தமிழில் ஒரு தடவையும் தெலுங்கில் ஒரு தடவையும் பாடிவிட்டுப் போகிற சினிமாப் பின்னணிப் பாடகர்தான். சுசீலா அந்த ரகம் இல்லை. ஆங்கிலத்தில் பாடுவதைத் தமிழில் பாடமாட்டார். தமிழில் பாடுவதை ஆங்கிலத்தில் பாடமாட்டார். ஒவ்வொரு மொழிக்கும் அவரிடம் தனி வேலை இருக்கிறது. மலேசியத் தமிழர்களாகிய நாம் அவரைக் கவனிக்க வேண்டியது அதற்காகத்தான் என்பது என் எண்ணம். வாயில் மூன்று நான்கு மொழி புரளுகிற நம்மிடம், மேடையில் ஏறியதும் மிஞ்சுவது கோடம்பாக்கம் மட்டும்தானே?

அயர்லாந்துக்காரர்கள் செய்த காரியம்

சுசீலாவின் கதைக்கு முன்னால் வேறொரு ஊர்க் கதை: இரு மொழிப் பாட்டுக்குப் பேர்போன நாடு அயர்லாந்து. அங்கே நாட்டார் பாடகர் ஒருவர் கிட்டாரோடு மேடை ஏறினால், ஒரு பாட்டு ஆங்கிலத்தில், அடுத்தது ஐரிஷில், நடுவில் பேச்சு இரண்டும் கலந்து என்று கச்சேரி போவது சர்வசாதாரணம். கார்க் நகரத்துப் பாடகர் ஜான் ஸ்பிலேன் அப்படிப்பட்டவர். சொந்தமாக எழுதுவார், சொந்தமாக மெட்டுப் போடுவார், இரண்டு மொழியிலும். ஐரிஷ் கவிஞர் லூயி டி பேரோடு சேர்ந்து அவர் நடத்திய இசைக்குழுவுக்கே 'கேலிக் ஹிட் ஃபேக்டரி' என்று குறும்பாகப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சகஜம் சும்மா வந்துவிடவில்லை. 1831-ல் அங்கே தொடங்கிய தேசியப் பள்ளிகளில் பாடமெல்லாம் ஆங்கிலம். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். ஐரிஷில் வாய் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வெட்டு. பிறகு வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. அதற்கு மேல் 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். ஐரிஷ் பேசிய மேற்குக் கரையோரத்து ஏழைகள்தான் அதில் அதிகம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களின் வழிவந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அந்தக் கதையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான். அரசியல் சாசனத்தில் முதல் ஆட்சிமொழி, பெயர்ப்பலகை எல்லாம் இரு மொழி, தனி வானொலி, தனித் தொலைக்காட்சி, இத்தனை இருந்தும் இந்தக் கணக்கு. மலேசியாவில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி கிடையாது. ஆனால் 500-க்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் உண்டு, வீட்டில் தினமும் தமிழ் பேசுகிற சனம் அந்த 72 ஆயிரத்தைவிடப் பல மடங்கு உண்டு. ஆக, பேசுகிற ஆள் கணக்கில் நாம் பணக்காரர்கள். பாட்டுக் கணக்கு வேறு மாதிரி.

1982-ல் கிளானட் என்ற குழு, டோனகல் மாவட்டத்துக் கிராமத்துக் குடும்பம், ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக ஐரிஷில் பாடிய பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. கேட்ட ஆங்கிலேயர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அர்த்தம் தெரிந்திருக்காது. அந்த வீட்டுத் தங்கைதான் என்யா. தொண்ணூறுகளில் நம் ஊர் கேசட் கடைகளில் எல்லாம் அவர் முகம் தொங்கியது. லிஃப்டிலும் பல் டாக்டர் அறையிலும் என்யா பாட்டைக் கேட்டுச் சலித்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவருக்குப் பின்னால் இருப்பது 'ஷான்–நோஸ்' என்ற பழைய பாட்டுமுறை. பக்கவாத்தியம் கிடையாது. தாளக்கட்டு கிடையாது. குரல் ஒன்றுதான், அதில் சின்னச் சின்ன பிருகாக்கள். நம் விருத்தத்துக்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி. பாடகர் கண்ணை மூடிப் பாட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றுவாராம், கிணற்றில் ராட்டினம் சுற்றுகிற மாதிரி. பாட்டு கஷ்டமான இடத்துக்கு வரும்போது பாடகர் தனியாக இல்லை என்று காட்டுகிற முறை.

இன்னொரு வகையும் உண்டு. ஒரே பாட்டில் ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி ஐரிஷ் என்று மாறி மாறிப் போகும். நம் தோட்டத்துப் பேச்சில் கித்தா, கம்பம், ரோத்தான் என்ற மலாய்ச் சொற்கள் வந்து விழுகிற மாதிரி, சந்தைக்கும் துறைமுகத்துக்கும் போய்வந்த வாயிலிருந்து பிறந்த பாட்டு. பண்டிதர்கள் இதை இரண்டாந்தரமாகப் பார்த்தார்கள். பாடகர்கள் கண்டுகொள்ளவில்லை.

அயர்லாந்துக்கும் தமிழுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு என்பதையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட கால்டுவெல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், 1814-ல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 'ஜன கண மன' மெட்டை 1919-ல் மதனப்பள்ளியில் உட்கார்ந்து சுரப்படுத்தி எழுதிவைத்த மார்கரெட் கசின்ஸ் அசல் ஐரிஷ் பெண்மணி, இசைப் பட்டதாரி. பெண்கள் உரிமைக்காகப் போராடிச் சிறை போனவர், பிற்பாடு சென்னை மாகாணத்துக்கே சொந்தமாகிப்போனவர்.

சிட்னி, மும்பை, லண்டன்

சுசீலா 1973-ல் லண்டனில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் வழக்கப்படி பெண் பிள்ளைக்குக் கர்நாடக சங்கீதம். சின்ன வயதிலேயே மேடையும் ஏறினார். பதின்ம வயதில், அதே வழக்கப்படி, அத்தனையையும் உதறினார். சிட்னியில் சொந்தமாக ஒரு குழு, ராக், ப்ளூஸ், ஜாஸ். சத்தமாகப் பாடுவது, கத்துவது, தொண்டையைக் கிழிப்பது. இந்தப் பாடமும் பிற்காலத்தில் வீண்போகவில்லை.

1995-ல் இந்தியா வந்து ஷ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி படித்தார். பிறகு லண்டன். அங்கே சாம் மில்ஸ் என்ற கிட்டார் கலைஞரைச் சந்தித்தார். மில்ஸ் அதற்கு முன் வங்கத்து பாவுல் பாடகர் பபன் தாஸோடு சேர்ந்து ஒரு தொகுப்பு செய்திருந்தார், ஆகவே இந்தியக் குரலுக்குப் பின்னால் கிட்டார் எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்தவர். இருவரும் இசையிலும் வாழ்க்கையிலும் துணையானார்கள். சுசீலாவின் மேடைகளிலும் தொகுப்புகளிலும் மில்ஸின் விரல் இருக்கிறது.

'சால்ட் ரெய்ன்' பிரிட்டனில் பேசப்பட்டது, பிரான்சில் நன்றாக விற்றது. 2002-ல் பி.பி.சி. வானொலியின் உலக இசை விருதுகளில் புதுமுகத்துக்கான விருதும் கிடைத்தது. கர்நாடக ரசிகர்கள் சிலருக்கு அது கசந்தது என்றால் ஆச்சரியமில்லை. ஆபேரி ராகத்து 'நகுமோமு'வுக்குப் பின்னால் கேமரூன்காரர் பாஸ் கிட்டாரும் கினி–பிசாவுக்காரர் தோல்வாத்தியமும் வாசித்தால் மயிலாப்பூர் என்ன செய்யும்? என் குறை வேறு. அந்தத் தொகுப்பு அழகாக இருக்கிறது, ரொம்பவே அழகாக இருக்கிறது. குரல் ஒரு இடத்திலும் கால் தவறுவதில்லை. சிட்னியில் கத்திய பெண்ணை அதில் காணோம். இன்னொன்றும் கவனித்தேன்: மேலே சொன்ன இரண்டு கீர்த்தனைகளும் தெலுங்கும் சமஸ்கிருதமும். கச்சேரி உலகம் கற்றுக்கொடுத்த வரிசை அது. தமிழ் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

2003-ல் 'லவ் ட்ராப்'. எத்தியோப்பியாவின் மஹ்மூத் அஹ்மத் பாட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தலைப்புப் பாடலாக்கினார். 2005-ல் 'மியூசிக் ஃபார் க்ரோகடைல்ஸ்'. ஒரு பகுதியைச் சென்னையில் ஒலிப்பதிவு செய்தார்கள். முருகன் பெயரைத் தலைப்பில் வைத்த பாட்டு ஒன்று அதில் தலைகாட்டுகிறது. மீரா நாயரின் 'தி நேம்சேக்' படத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் இருக்கலாம். 2007-ல் டிலன், ஹென்ட்ரிக்ஸ், லெனன் பாட்டுகளைத் தன் பாணியில் பாடிய '33⅓' வந்தது. கெட்டிக்காரத்தனமான தொகுப்பு. திரும்பக் கேட்கத் தோன்றவில்லை.

முருகன் வந்த வழி

2011-ல் வந்ததுதான் 'வேல்'.

அதற்கு முன் சுசீலா தமிழ்நாட்டில் தங்கி, பக்திப் பாடகி கோவை கமலாவிடம் பாடம் கேட்டார். கோவை கமலா சபா மேடைப் பாடகி இல்லை. கோயில் கொடையில், ஒலிபெருக்கியில், கேசட்டில் வாழ்ந்த குரல். பெங்களூர் ரமணியம்மாளையும் அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். ரமணியம்மாளுக்குக் கர்நாடகப் பயிற்சி உண்டு. ஆனாலும் முருகனைப் பாடும்போது அவர் குரல் பந்தலில் உட்காராது, ஊர்வலத்தோடு நடந்து போகும். மலேசியாவில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த தமிழன் இருக்க முடியாது.

நடந்து போகிற பாட்டு என்பதுதான் இங்கே விஷயம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் காவடிச்சிந்து பாடினார். கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடுவதற்கு ஆன பாட்டு. இளவயதிலேயே 1891-ல் அவர் மறைந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1892-ல், இங்கே பத்துமலையில் தைப்பூசம் தொடங்கியது. சிந்து என்ற வடிவமே காலுக்காகச் செய்தது: அடி சின்னது, எதுகை நெருக்கமாக விழும், தோளில் பாரம் இருப்பவனுக்கு மூச்சு வாங்க இடம் விட்டிருக்கும். அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறபோது பாதிதான் கிடைக்கும்.

சுசீலாவுக்கு இது எங்கோ ஓரிடத்தில் உறைத்திருக்க வேண்டும். 'வேல்' தொகுப்பின் தமிழ்ப் பாடல்களில் அவர் கீர்த்தனைக் குரலைக் கழற்றி வைத்துவிட்டார். ராஜஸ்தானிலிருந்து குட்லே கானையும், புஷ்கரின் நகாரா வித்வான் நத்து லால் சோலங்கியையும் அழைத்து வந்தார். உறுமியும் பம்பையும் இருக்க வேண்டிய இடத்தில் நகாரா. இதை ஏன் செய்தார், தமிழ்நாட்டிலேயே தோல்வாத்தியக்காரர்களுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால் காது ஒப்புக்கொள்கிறது. அடிவயிற்றில் இடிக்கிற அந்தச் சத்தம்தான் முக்கியம், அது எந்த ஊர்த் தோல் என்பது அடுத்தது.

அதே தொகுப்பில் ஆங்கிலப் பாட்டுகளும் உண்டு. அங்கே குரல் தாழ்ந்துவிடுகிறது. சந்தேகம், ஆசை, ஒரு மனுஷி இன்னொரு மனுஷனோடு பேச முடியாமல் போவது, இதெல்லாம் ஆங்கிலத்தில். தன்னை மறப்பது தமிழில். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பெண்ணுக்குக் காதலும் கோபமும் ஆங்கிலத்தில்தான் வந்திருக்கும், சாமி தமிழில்தான் வந்திருக்கும். அவர் இதை மறைக்கவில்லை, சமன்படுத்தவும் இல்லை. உச்சரிப்பைப் பிடித்துக் குறை சொல்கிறவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பத்துமலைப் படியில் அருள் வந்து ஆடுகிற பெண்ணிடம் யாராவது இலக்கணம் பார்ப்பார்களா?

மேடையில் அவர்

'வேல்' தொகுப்பின் 'பால்' என்ற பாட்டை அவர் மேடையில் பாடும் பதிவுகள் கிடைக்கின்றன. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் ஒன்றே ஒன்றைப் பார்ப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள்.

மில்ஸ் கிட்டாரில் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அவசரமே இல்லை. சுசீலா கீழ்ஸ்தாயியில் ஆரம்பிக்கிறார், ஏறக்குறையப் பேச்சு மாதிரி. கையால் தொடையில் தாளம். ஒரு வரியைப் பாடி முடித்ததும் அதையே மறுபடி, இன்னும் கொஞ்சம் கனமாக. நம் கோயில் பஜனையில் பாடகர் ஒரு வரியைப் போட, கூட்டம் அதைத் திருப்பிக் கொடுக்குமே, அந்த இடைவெளியை விட்டு விட்டுத்தான் பாடுகிறார். திருப்பிக் கொடுக்கக் கூட்டத்துக்குத் தெரியாது என்பதால் அந்த இடத்தில் கிட்டாரோ கர்த்தாலோ வந்து நிரப்புகிறது. கர்த்தால் என்பது கைக்கு இரண்டாகப் பிடித்துத் தட்டுகிற மரத்துண்டுகள். குட்லே கான் அதை வாசிக்கும்போது விரல்கள் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு வேகம் பிடிக்கிறது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுகிறது. தலை சுழல்கிறது. குரலில் இப்போது ஒரு கரகரப்பு, சிட்னி ராக் மேடையில் கற்றது, இங்கே வந்து சேர்கிறது. சுருதி விலகும்போல் இருக்கிறது, விலகுவதில்லை. குழந்தைப் பருவத்தில் கற்ற கர்நாடகப் பாடம் அடியில் நின்று தாங்குகிறது. பத்து ஆண்டுக்கு முன் 'சால்ட் ரெய்ன்' பாடிய அதே தொண்டைதானா என்று சந்தேகம் வரும். பாட்டு முடிகிற இடம் அழகாக இருக்காது. நின்றுவிடும், மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

அடுத்த பாட்டு ஆங்கிலமாக இருக்கும். மைக்கைச் சரி செய்துகொண்டு, தண்ணீர் குடித்து, ஒரு பெண் தன் அறையில் தனியாக இருப்பதுபோல் பாடுவார். நான் பார்த்த பதிவுகளில் முன்னதுக்கும் பின்னதுக்கும் பாலம் போடுகிற நீண்ட விளக்கமெல்லாம் கிடையாது. கேட்கிறவன் குதித்துத் தாண்ட வேண்டியதுதான். ஐரிஷ் பாடகர்களிடம் நான் பார்த்ததும் இதுவே. பாட்டு பிறந்த ஊரைச் சொல்வார்கள், அதைப் பாடிக் கேட்ட பாட்டியைப் பற்றிச் சொல்வார்கள், வரிக்கு வரி பொருள் சொல்லிக் கழுத்தறுக்க மாட்டார்கள்.

ஜாவாவிலிருந்து ஜொகூருக்கு

2014-ல் 'குவீன் பிட்வீன்' என்ற தொகுப்பில் அவர் நுஸ்ரத் பதே அலி கானின் உறவினர்களான ரிஸ்வான்–முவஸ்ஸம் கவ்வாலிக் குழுவோடு பாடினார். அதைத் தாண்டி எனக்கு ஆர்வம் 2018-ல் வந்த 'கோஸ்ட் கமலான்' மேல்தான். அது நம் அக்கம்பக்கத்து விவகாரம்.

மத்திய ஜாவாவின் சோலோ நகரத்துக்குப் போய், கோண்ட்ரோங் குனார்த்தோ என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து கமலான் வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். பாட்டு ஆங்கிலம், பின்னால் வெண்கலம். கமலானில் ஒரு சங்கடம் உண்டு. அந்த வெண்கலத் தட்டுகளையும் கோங்குகளையும் ஒரு முழுத் தொகுதியாகத்தான் வார்த்துச் சுருதி சேர்ப்பார்கள். ஒரு தொகுதியின் சுருதி இன்னொன்றுக்கு ஒத்துவராது, ஒன்றிலிருந்து ஒரு தட்டை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது. கிட்டாரைப் போல முறுக்கி ஏற்றவும் முடியாது. ஆகவே பாடுகிறவர்தான் வெண்கலத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டும். தம்புராவுக்குப் பழகிய தொண்டைக்கு அது லேசான காரியமில்லை. அந்தத் தொகுப்பில் அவர் சுரங்கள் சில இடத்தில் விளிம்பில் நிற்கின்றன, கேட்கக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

பண்டார் தெங்காராவில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கும் லண்டனில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. இந்த ஊர், 1972-ல் அமைந்த தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி எழுப்பிய புதுநகரங்களில் ஒன்று. சுற்றிலும் செம்பனை. ஜொகூர் முழுக்க ஜாவா வம்சாவளி மலாய்க்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த கூடா கெப்பாங் ஆட்டத்தைக் கல்யாண வீட்டிலோ திடலிலோ பார்த்திருப்பீர்கள். பின்னிய தட்டிக் குதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெண்கலச் சத்தத்துக்கு ஆடி ஆடி, ஆட்டக்காரருக்கு ஒரு கட்டத்தில் நிலை தப்பும். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சாமி வந்துவிட்டது என்பார்கள். தைப்பூசத்தில் காவடிக்காரரைப் பார்த்துவிட்டு மலாய்ச் சிநேகிதர் தலையாட்டுவதும் அதே அர்த்தத்தில்தான். 'வேல்' பாடிய பெண் ஏழு வருஷம் கழித்து ஜாவாவுக்குப் போய் வெண்கலத்தின் முன் நின்றது லண்டன் விமர்சகர்களுக்கு ஒரு புது முயற்சி. ஜொகூர்க்காரனுக்கு இரண்டும் ஒரே திடலில் நடப்பவை.

இங்கேயே இன்னொரு சாட்சி இருக்கிறது: ஜொகூர் கஸல். மலாய்ப் பாட்டு, கூடவே ஹார்மோனியம், தபலா, கம்புஸ், வயலின். ஹார்மோனியமும் தபலாவும் வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவை, கம்புஸ் அரபுக் கரையிலிருந்து. யாரும் இதைக் கலப்பு இசை என்று விளம்பரப்படுத்தவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்ததை வாசித்தார்கள்.

நம் மேடை

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? கலை இரவு என்றால் ஆர்க்கெஸ்ட்ரா. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் அதே, கல்யாண விருந்திலும் அதே. கோலாலம்பூரில் இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் வந்தால் குடும்பத்தோடு பஸ் பிடித்துப் போகிறோம், போகத்தான் வேண்டும். உள்ளூரில் ஒரு பையனோ பெண்ணோ தானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டைப் பாட மைக் கேட்டால், முதலில் ஒரு பழைய பாட்டைப் பாடச் சொல்கிறோம். சினிமாப் பாட்டு மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு சமூகத்தின் எல்லா மேடையையும் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் வழக்கு.

இதற்கு அடங்காதவர்கள் இரண்டு கூட்டம். ஒன்று ராப் பையன்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பொயடிக் அம்மோ என்ற குழு ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என்று கைக்கு வந்த மொழியிலெல்லாம் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்னோடு சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார். அதில் வந்த 'மடை திறந்து' தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த வருஷம் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல். கோடம்பாக்கம் நம்மிடமிருந்து இறக்குமதி செய்த அபூர்வமான சரக்கு அது. இளையராஜாவின் மெட்டைத் தொட்டுத்தான் அந்தக் கதவே திறந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு கூட்டம் உறுமி மேளக்காரர்கள். ஒரே நிறத்து டீ–சட்டை போட்ட பதினெட்டு இருபது வயதுப் பையன்கள். உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள், மறு முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் வயிற்றைக் கலக்குகிற முனகல் பிறக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் கோயில் கொட்டகையில் ஒத்திகை. யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. அவர்கள் வாசிக்கிற கட்டங்களில் பாதி அவர்களே கட்டியது. பாட்டிலும் புது வரிகள் வந்து விழுகின்றன, நடுநடுவே மலாய்ச் சொல், ஆங்கிலச் சொல். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், சத்தம் என்கிறார்கள், சினிமா மெட்டில் சாமிப் பாட்டா என்கிறார்கள். சில நேரம் அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கிறது.

ஆனால் 'வேல்' தொகுப்பைக் கேட்டபின் எனக்கு இந்தக் கொட்டகை வேறு மாதிரி கேட்கிறது. லண்டனில் பிறந்தவர் ஆஸ்திரேலியா, மும்பை எல்லாம் சுற்றி, கோயம்புத்தூர்ப் பாடகியின் முன்னால் உட்கார்ந்து, புஷ்கரிலிருந்து நகாராவை வரவழைத்துக் கட்டிய சத்தம், பண்டார் தெங்காரா மாதிரியான ஊர்களில் சைக்கிள் தூரத்தில் கிடைக்கிறது. இல்லாதது அந்தச் சத்தத்தின் மேல் ஏறி நின்று தன் சொந்தக் கதையைப் பாடுகிற ஆள்தான். சாமிக்குத் தமிழ், சிநேகிதனோடு சண்டைக்கு மலாய், வேலைக்கு ஆங்கிலம் என்று இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று தொண்டை இருக்கிறது. சுசீலாவுக்கு இரண்டுதான்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமர்சகர்கள் சொல்கிறபடி 'சால்ட் ரெய்ன்' தொகுப்பில் தொடங்காதீர்கள். அழகாக இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். 'வேல்' தொகுப்பில் 'பால்' பாட்டை முதலில் கேளுங்கள், காரில் கேட்பதானால் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். உடனே அதே தொகுப்பின் ஆங்கிலப் பாட்டு ஒன்று. பிறகு பின்னோக்கிப் போய் 'நகுமோமு'. '33⅓' தொகுப்பை விட்டுவிடலாம். 'கோஸ்ட் கமலான்' கடைசியில் இருக்கட்டும். வீட்டில் ஜாவாக்காரச் சம்பந்தி யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள், எந்த இடத்தில் தலையாட்டுகிறார், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்க்கலாம்.